இருபத்து மூன்றாம் வாரம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்துவிட்டாய் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதியையும் படித்துவிடு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். போன வருடம் ஜனவரியில் வைத்தது நீ. வைக்கும்படி பேசியது நான். அப்புறம் பதினாலு மாதம் ஓடிவிட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன்.

சேதி இரண்டு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். பதறாதே. இருபது வருடமாக ஊரை மேலும் கீழும் ஏற்றி இறக்கியவனைக் கட்டிலிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சின்னவள் ஒரு அட்டையில் 'பழுது. உபயோகிக்க வேண்டாம்' என்று எழுதிக் கட்டில் காலில் மாட்டியிருக்கிறாள்.

இரண்டாவது, டைம்ஷேர். இந்த வார்த்தையைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருப்பாய். மாட்டிக்கொள். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய ஒப்பந்தங்களை எல்லாம் புதிதாக மாற்றுகிறார்களாம். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் ஏரிக்கரை வீட்டில் எங்கள் வாரத்துக்கு உத்தரவாதம் இல்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பழக்கூடையோடு வீட்டுக்கே வந்து என் காலை விசாரித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காகிதம் நாற்பது பக்கம். நாலாவது பக்கத்திலேயே எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "அண்ணிகிட்ட காட்டுங்க. அவங்க படிக்காம இதுல கையெழுத்து போட்டீங்கன்னா இன்னொரு காலை நானே உடைப்பேன்."

காட்டட்டுமா?

உன் தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

மூன்று வாரம் கழித்துச் சொல்கிறாய். உன் ஆஸ்பத்திரிக்கு இன்று காலை போன் செய்தேன். எலும்பு ஒழுங்காகச் சேர்கிறதாம், நோயாளிதான் ஒழுங்காகப் படுப்பதில்லையாம். காலைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் கடிதம் நனைந்துவிடும். நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பணத்துக்காகக் கோபப்பட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அம்மாவின் வீட்டை விற்றபோது உன் பாதி உன் கைக்கு வந்தது. அதில் நீ குதிரை வாங்கினாலும் கேட்டிருக்க மாட்டேன். "பேங்க்ல போட்டிருக்கேன்க்கா" என்றாய். நம்பினேன். ஒரு வீட்டின் ஐம்பத்திரண்டு வாரத்தில் ஒரே ஒரு வாரத்தை, இருபத்தைந்து வருடத்துக்கு வாங்கிவிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் "வேலை விஷயமா வெளியூர்" என்று ஆறு வருடம் சொன்னாய். உன் பெரியவள் வாய் தவறி "ஏரி" என்று சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது.

நான் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதுகிறவள். 'படிக்காம கையெழுத்து போட்டுட்டேங்க' என்று கூண்டில் நின்று அழுகிறவர்களின் வாக்குமூலத்தை இருபத்தேழு வருடமாக எழுதுகிறேன். அந்த வரிசையில் என் தம்பியும் நின்றுகொண்டு, என்னிடமிருந்து முகத்தை வேறு திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

கையெழுத்துப் போடாதே. பழைய ஒப்பந்தம், புதிய ஒப்பந்தம் இரண்டையும் அனுப்பு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பார்களே, அதையும். பழக்கூடைக்காரர் மறுபடி வந்தால் பழத்தை வாங்கிக்கொண்டு, நீ தூங்குவதாகச் சொல்லச் சொல்.

அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு,

எல்லாவற்றையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன்.

அதை வாங்கிய அன்று நடந்தது இதுதான். கடைத்தெருவில் ஒரு பெண் பெரியவளின் கையில் கூப்பனைத் திணித்தாள். ஹாலுக்கு வந்தால் பாத்திர செட் இலவசம். போனோம். காது கிழியப் பாட்டு. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லாரும் கை தட்டுவார்கள். ஐஸ்கிரீம் மேல் ஐஸ்கிரீம். மூன்று மணி நேரம். இது வலை என்று எனக்கும் தெரிந்தது, நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. எழுந்திருக்கவே போனேன். அப்போது எங்கள் மேஜையில் இருந்த விற்பனைப் பெண் கேட்டாள்: "சார், கடைசியா குடும்பத்தோட ஒரு வாரம் சேர்ந்தாப்ல எப்போ இருந்தீங்க?"

நான் யோசித்தேன். பெரியவளுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா எங்க போனாலும் பாதியில திரும்பிடுவாரு ஆன்ட்டி" என்றாள்.

உண்மைதான். எந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று தடவை ரயில் நிலையத்திலிருந்தே திரும்பியிருக்கிறோம். ஒரு தடவை ரயில் ஏறின பிறகு. லீவு கேட்டால் சர்வீஸ் மேனேஜர் "அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்த 'அப்புறம்' பதினோரு வருடம் வரவேயில்லை. இந்த ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். வருடத்தின் இருபத்து மூன்றாம் வாரம், கட்டியாச்சு, மாற்ற முடியாது. மனுஷன் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவி மக்கள் என்றால் இளகாதவர், கட்டின ரசீது என்றால் இளகிவிட்டார்.

ஏரிக்கரையில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஏழு நாளும் நான்கு பேரும் ஒரே மேஜையில் மூன்று வேளை சாப்பிட்டோம். சின்னவள் அங்கேதான் சைக்கிள் கற்றாள், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நான்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கட்டணம் வருடா வருடம் ஏறுகிறது. ஒரு வருடம் என்னால் போக முடியாமல் மாற்று ஏற்பாடு கேட்டேன். வேறு ஊரில், மழைக்காலத்தில், சலவை அறைக்கு மேலே ஒரு அறை கொடுத்தார்கள். தரையே நடுங்கும். பிள்ளைகள் ஏழு நாளும் சீட்டு விளையாடினார்கள். இரண்டாவது வருடமே கையைக் கடித்ததால் விற்றுவிடலாம் என்று பார்த்தேன். சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

மறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். நீ கேட்கிற ஒரே கேள்வியில் நான் முட்டாளாகிவிடுவேன் என்று தெரியும். அந்த ஏழு நாளையாவது உன் கேள்வி படாமல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். தப்புதான்.

உன் தம்பி

*

மார்ச் 30

தம்பிக்கு,

மூன்று தடவை படித்தேன். முதலில் உன் கடிதத்தை. அப்புறம் ஒப்பந்தங்களை.

என் கேள்வி உன்னை முட்டாளாக்கும் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கு வலித்தது. பொய்யென்று சொல்ல முடியாததால் இன்னும் வலித்தது. போகட்டும்.

உன் பழைய ஒப்பந்தம் நான் நினைத்த அளவு மோசமில்லை. அதை எழுதிய வக்கீல் யாரோ மனசாட்சி உள்ளவர். புதியது வேறு ரகம். அதில் உன் வாரம் போய்விடுகிறது, அதற்குப் பதில் 'புள்ளிகள்' தருவார்கள். அதை வைத்து இடம் காலியாக இருந்தால் போகலாம். ஜூனில் காலியாக இருக்காது, சலவை அறைக்கு மேலேதான் இருக்கும். இருபத்தைந்து வருடம் ஐம்பதாகிறது. உனக்குப் பிறகு உன் வாரிசுகள் கட்ட வேண்டும். உன் சின்னவளின் பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பழக்கூடைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பழைய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் முப்பத்தொன்றாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் விதிகளை மாற்றும் உரிமை வாரக்காரர்களின் கூட்டத்துக்கு உண்டு, மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் நேரிலோ அதிகாரக் கடிதம் மூலமாகவோ வந்தால். பன்னிரண்டு வீடு, ஐம்பத்திரண்டு வாரம். இருநூற்றுச் சொச்சம் பேர் வேண்டும். போன வருடம் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். பிஸ்கட்டுக்காக வந்திருப்பார்கள்.

கூட்டம் ஜூன் 11, வியாழக்கிழமை. உன் வாரத்தில்தான் வருகிறது.

இருநூறு பேரைத் தேட முடியுமா? படுத்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால் கேட்கிறேன். அதிகாரக் கடிதத்தின் வாசகத்தை டைப் செய்து வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

நூற்றெண்பத்தேழு.

எப்படி என்று கேள். எங்கள் வாரத்தில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வருடா வருடம் அதே ஆட்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர், படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர், எப்போதும் சண்டை போடும் இரட்டைச் சகோதரிகள். வருடத்தில் ஏழு நாள்தான் பார்க்கிறோம், ஆனால் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன், எல்லாம் தெரியும். மற்ற பதினோரு பேரும் உடனே அனுப்பினார்கள். சனிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அடுத்த வாரத்துக்காரர்கள் பெட்டியோடு கீழே காத்திருப்பார்கள். அப்படி இருபத்து நாலாம் வாரத்தைப் பிடித்தோம். அவர்கள் வழியாக இருபத்தைந்து. சங்கிலியை இழுக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தோராம் வாரத்தில் அறுந்துவிட்டது, அங்கே யாரையும் யாருக்கும் தெரியவில்லை.

அதை ஒட்டிக் கொடுத்தவர் நீச்சல் டீச்சர். எங்களுக்கு அடுத்து அதே வீட்டுக்கு வருகிறவர், எழுபத்தொன்பது வயது. நாற்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர், எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். அவர் கதை பாவம். அந்த அம்மாவின் கணவர் போட்ட கையெழுத்து. அவர் போய்விட்டார், இவருக்கு இடுப்பு போய்விட்டது. மூன்று வருடமாக வாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறார். 'வழியில்லை' என்று ஒரே வரியில் பதில் வருகிறதாம். தனக்குப் பிறகு இது மகன் தலையில் விழும் என்று பயப்படுகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். ஜூனில் எட்டு மணி நேரப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீதான் போக வேண்டும். என் அதிகாரக் கடிதம் உள்ளே இருக்கிறது. லீவு கேட்டால் உன் நீதிபதி மயக்கம் போட்டு விழுவார், விழட்டும். படுக்கையறை ஜன்னலைத் தூக்கிவிட்டுத் தள்ளு, இல்லாவிட்டால் திறக்காது. ஏரியைப் பார். கொஞ்சம் போல.

உன் தம்பி

*

ஜூன் 7, மூன்றாம் மாடி

தம்பிக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். ரிசப்ஷனில் இருந்த அம்மா உன் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "லிஃப்ட்காரரோட அக்காவா? அவர் வரலியா?" என்றார். கால் என்றேன். உடனே உள்ளே போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குத் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். எனக்கு நீ சொல்லாத கதை.

"அந்த வருஷம் லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள இருந்தது எங்க துணி துவைக்கிற பொண்ணு, நிறைமாசம். ஆள் வர நாலு மணி நேரம் ஆகும்னுட்டாங்க. உங்க தம்பி ஏரியிலிருந்து ஈர டிரௌசரோட ஓடி வந்தாரு. இருபது நிமிஷம். அந்தப் பொண்ணு உள்ள கத்துறா, இவரு வெளியில வேலை பாத்துக்கிட்டே பேசுறாரு. 'சின்ன வயசுல லிஃப்ட் இருட்டானா நான் அழுவேன். எங்கக்கா ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லும். அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள லைட் வந்துடும். நீயும் சொல்லும்மா'ன்னாரு. அவ எட்டேழு ஐம்பத்தாறு சொல்றப்போ கதவு திறந்துச்சு."

நம் பழைய கட்டடத்து லிஃப்ட்டில் நீ அழுதது எனக்கு நினைவிருக்கிறது. வாய்ப்பாடு நினைவில்லை. உனக்கு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வருடா வருடம் முதல் நாள் நீ லிஃப்ட் குழியில்தான் இருப்பாயாம். உன் மனைவி திட்டிக்கொண்டே டீ கொண்டுவந்து குழிக்குள் நீட்டுவாளாம். அந்தப் பெண்ணின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவளே என் அறைக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றுக்கு நாலு.

வீட்டைச் சொல்கிறேன். இரண்டு அறை, சமையல் மேடை, ஆறு தட்டு, ஆறு கரண்டி, எண்ணி வைத்த மாதிரி. சுவரில் ஒரு ஆணி கூட யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் சோபாவின் ஒரு மூலை அமுங்கியிருக்கிறது. அது நீ உட்காரும் இடம் என்று நினைத்து அதில் உட்கார்ந்தேன். இன்று எட்டு மணி வரை தூங்கினேன். யாரிடமும் சொல்லாதே.

ஜன்னலைத் தூக்கிவிட்டுத் தள்ளினேன். ஏரி இருந்தது.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கு வந்துவிடும். இருநூற்றுப் பதினாலு ஆகிவிட்டது. கடிதக் கட்டை நீச்சல் டீச்சர் கொண்டுவருகிறார். அவருக்கு அந்தச் சின்ன அறையைக் கொடுத்துவிடு.

கம்பெனி ஒரு பெரிய வக்கீலை அனுப்புகிறதாம். நீ எழுந்து பேசாதே அக்கா. உனக்குக் கூட்டத்தைக் கண்டால் குரல் வராது என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் இரண்டு வரி வாழ்த்துச் சொல்லச் சொன்னதற்கு வெளியே போய்விட்டாய். பல் டாக்டர் நன்றாகப் பேசுவார். அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடு. நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

லிஃப்ட் கதையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ரிசப்ஷன் அம்மா வருடா வருடம் ஐந்து நிமிடம் குறைக்கிறார். முதலில் நாற்பது நிமிடம்தான் ஆனது.

உன் தம்பி

*

ஜூன் 12

தம்பிக்கு,

கூட்டம் நடந்தது. பழைய ஒப்பந்தக்காரர்கள் யாரும் மாற வேண்டியதில்லை. உன் வாரம் உன்னுடையது. பத்து வருடம் முடித்தவர்களும் எழுபது வயது தாண்டியவர்களும் எந்த வருடத்திலும் வாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். புதிதாக எடுப்பவர்களும் வருடா வருடம் விடலாம். வாரிசுகள் மேல் எதுவும் விழாது. ஆண்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு கேட்டோம். அதில் தோற்றோம். அது ஏறத்தான் செய்யும், தயாராக இரு.

பல் டாக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் நான் ஓரிரு வார்த்தை பேச நேர்ந்தது.

அக்கா

*

ஜூன் 19

அக்காவுக்கு,

ஓரிரு வார்த்தையா?

சனிக்கிழமையிலிருந்து என் போன் ஓயவில்லை. பேக்கரிக்காரர், டிக்கெட்காரர், இரட்டைச் சகோதரிகளில் இருவரும் தனித்தனியாக, ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பென்று சொல்லிக்கொண்டு. நீ எழுதாததை எல்லாம் நான் இங்கே எழுதி வைக்கிறேன். யாராவது உன்னையும் பதிவு செய்ய வேண்டாமா?

வக்கீல் ஆரம்பத்தில் தேனாகப் பேசினாராம். "யாரையும் கட்டாயப்படுத்தலீங்க. விருப்பம் இருக்கிறவங்க மட்டும் மாறலாம்" என்றாராம். ஒரு மணி நேரம் கழித்து, கையெழுத்து விழவில்லை என்றதும் குரல் மாறிவிட்டது. "ஜூன் முப்பதுக்குள்ள போடாதவங்க வாரத்துக்கு கம்பெனி பொறுப்பில்ல."

பேக்கரிக்காரர் எழுந்து, "முதல்ல வேற சொன்னீங்களே" என்றார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க."

ஹாலில் முணுமுணுப்பு. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததாம். சின்னக் குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டதாம்.

"பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சொன்னீங்க. படிக்கட்டுமா?"

நீ நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாய். குரல் நடுங்கவேயில்லையாம். அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை படித்தாய். இருமினால் 'இருமல்' என்று படித்தாய். தண்ணீர் குடித்ததையும் படித்தாய். கடைசியில், "அதன்பின் கம்பெனி மேனேஜர் பக்கம் திரும்பி, 'இவங்கள்ல ஒருத்தனும் இதைப் படிச்சிருக்க மாட்டான், கவலைப்படாதீங்க'" என்று அவர் காதோடு சொன்னதையும் அதே ராகத்தில் படித்துவிட்டு உட்காரப் போனாய். ஹால் சிரித்த சிரிப்பில் பிஸ்கட் தட்டு விழுந்ததாம்.

வக்கீல் முகம் சிவந்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"இருபத்து மூன்றாம் வாரம், பன்னிரண்டாம் எண் வீடு. என் தம்பிக்காக வந்திருக்கேன். இவங்கள்ல ஒருத்தி படிச்சிருக்கா. முப்பத்தொன்றாவது பிரிவை எடுங்க."

அப்புறம் முக்கால் மணி நேரம் நீதான் பேசினாய். வக்கீல் வெளியே போய் இரண்டு தடவை போன் செய்துவிட்டு வந்தார். அங்கே சிக்னல் இல்லாததால் குன்றின் மேல் ஏறி இறங்கினார் என்பது கூடுதல் சந்தோஷம். பல் டாக்டரிடமும் பேசினேன். தொண்டை கணீரென்று இருக்கிறது. "எனக்கு ஒண்ணும் கட்டலியே. அவங்க எந்திரிச்ச பிறகு நான் எதுக்கு?" என்றார்.

எல்லாரும் பேசுவதை எழுதிக்கொண்டு, தான் ஒரு சொல் பேசாமல் வீட்டுக்கு வருகிறவள் என்றுதான் உன்னை நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் நீ கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உன் கேள்விக்குப் பயந்து ஆறு வருடம் ஒளிந்தேன். அதே கேள்வி எனக்காக எழுந்து நின்றதைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போய்விட்டேன்.

திருப்பிக் கொடுக்கும் படிவம் எனக்கும் வந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்துத்தான் நான் கொடுக்க முடியும். சாப்பாட்டு மேஜையில் வைத்து, அப்போது கொடுத்துவிடலாமா என்று மூன்று பேரையும் கேட்டேன். பெரியவள் அதை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "அப்போ பாக்கலாம்ப்பா" என்றாள். கட்டணம் ஏறினால் ஏறட்டும். தெரிந்தே கட்டுகிறேன்.

டீச்சர் என்ன செய்தார்? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

உன் தம்பி

*

ஜூலை 5

தம்பிக்கு,

இரட்டைச் சகோதரிகள் சொல்வதில் பாதியைக் கழித்துவிடு. பிஸ்கட் தட்டு விழுந்தது உண்மை.

டீச்சரைக் கேட்டாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாள் என்னோடு அந்தச் சின்ன அறையில் இருந்தார். சனிக்கிழமை நான் கிளம்ப வேண்டும், அவருடைய வாரம் தொடங்க வேண்டும். ஆனால் காலையிலேயே ஆபீஸுக்குப் போய்ப் படிவத்தில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். மகனுக்கு ரிசப்ஷன் போனிலிருந்து சொன்னார். "விட்டாச்சுப்பா. இனி உன் தலையில ஒண்ணும் இல்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் என்னிடம், "ஒரு மணி நேரம் என்கூட வர்றீங்களா?" என்றார். ஏரிக்குப் போனோம். அவரால் பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். கரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். எனக்கு நீச்சல் தெரியாது, முழங்கால் வரைக்கும் போய் நின்றுவிட்டேன். அவர் என் தோளை விட்டுவிட்டு மல்லாந்து படுத்தார், தம்பி. கரையில் அவ்வளவு பாரமாக இருந்த உடம்பு இலை மாதிரி மிதந்தது. "தண்ணியில இடுப்புக்கு எடையே இல்லம்மா" என்றார். கொஞ்ச தூரம் போனார். நான் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவர் தன் வேலையில் இவ்வளவு தேர்ந்தவராக இருப்பதைப் பார்க்க நேர்ந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

திரும்பி வந்து தலையைத் துவட்டும்போது அழுதார். "விடுபட்டதுக்கு அழறேனா, விட்டுட்டதுக்கு அழறேனான்னு எனக்கே தெரியல" என்றார். நான் அதை நோட்டில் எழுதவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போனார்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டுச் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்கு எழுதாதே.

அவர் விட்ட வாரம் ஆபீஸில் கிடந்தது. என் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒப்பந்தத்தைக் கொடுக்கச் சொல்லி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் படித்தேன். இரண்டு வரியை அடித்துத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மேனேஜர் என்னைக் கண்டால் இப்போது பேனாவை முன்கூட்டியே திறந்துவிடுகிறார். எந்த வருடம் வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்பதை உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். மணி அடிக்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. நல்ல முடிவா என்று இன்னும் தெரியவில்லை. இருபத்தேழு வருடத்தில் நான் எடுத்த முதல் லீவு அது. ஒரு வாரம் எட்டு மணி வரை தூங்கியவள், இன்னொரு வாரமும் தூங்கிப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

ஆக, அடுத்த வருடம் அதே வீட்டுக்கு உனக்குப் பின்னால் நான் வருகிறேன். விதிகளைப் பார்த்தேன். உன் வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிகிறது. என் வாரம் மாலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் ஆறு மணி நேரம் வீட்டைச் சுத்தம் செய்வார்கள். அந்த நேரத்தில் அது யாருடைய வீடும் இல்லை, யாருக்கும் அதன் மேல் உரிமையும் இல்லை.

நான் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். கீழே பெஞ்ச் இருக்கிறது. உன் மனைவியும் பிள்ளைகளும் படகில் போகட்டும். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆற அமரச் சண்டை போடலாம்.

அக்கா